மை இல்லாத முத்திரை

மதியம் ஒன்றரை மணிக்கு விமல்ராஜின் வீடியோ கால் வந்தது. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டு மாடியறையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் பிரித்தபடியே நின்றார்கள்.

"சார், டாக்டரம்மா லோட நிறுத்திட்டாங்க!"

விமல்ராஜ் ஆபீஸ் முதலாளி கோதண்டராமனின் ஆள். சென்னையில் கன்டெய்னர் யார்டில் நின்று, வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவிப்பது அவன் வேலை. அதற்கான காகித வேலையெல்லாம் செஞ்சியில். கோதண்டராமனுக்குச் சொந்த ஊரை விட்டுப் போக மனமில்லை. ஒரிஜினல் தாள்கள் பஸ்ஸில் இங்கே வரும், கம்ப்யூட்டரில் ஏறும், பஸ்ஸிலேயே திரும்பிப் போகும்.

இந்த லோடுக்கான தாள்களை ஏற்றியவள் தமிழினி. பிளஸ் ஒன்னில் படிப்பை விட்டு, இரண்டு வருஷம் அம்மாவோடு மல்லாட்டை மில்லில் சொத்தைக் கடலை பொறுக்கியவள். இங்கே வந்து மூன்று மாதம். முழுசாகத் தனியே செய்த முதல் லோடு இதுதான்: ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்த ஆட்டுக்கறி, ஆயிரத்து நூற்று நாற்பது பெட்டி.

தட்டச்சு செய்த கறியை இப்போதுதான் கண்ணால் பார்த்தாள். கன்டெய்னர் கதவிலிருந்து வெண்புகை குபுகுபுவென்று வழிந்தது. கொளுத்துகிற வெயிலில் தடித்த குளிர்கோட்டு போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். வெளிநாட்டுக் கறியைச் சோதித்து உள்ளே விடும் குவாரண்டைன் அதிகாரி, டாக்டர் அறிவுமதி. கால்மாட்டில் ஐந்து பெட்டிகள் திறந்து கிடந்தன.

"அஞ்சு பெட்டி திறந்தேன்" என்றார் டாக்டர். "மூணுல கறி வெட்டுன தொழிற்சாலையோட நம்பர் 318. ரெண்டுல 742. நீங்க குடுத்த சுகாதாரச் சான்றிதழ்ல 318 மட்டும்தான் இருக்கு. 742 எங்கேருந்து வந்துச்சு? நாலு மணிக்குள்ள பதில் வேணும். இல்லன்னா காகிதமும் சரக்கும் பொருந்தலன்னு எழுதிடுவேன். வந்த ஊருக்கே திரும்பிப் போகும்."

கோதண்டராமன் உடனே கறியை வரவழைத்த கம்பெனிக்காரர் இளையபெருமாளுக்குப் போன் போட்டுக் கத்தினார். "அனுப்புனவன் மேல தப்பு சார்! ஒரு நம்பர வுட்டுட்டான். புது சான்றிதழ் கேளுங்க!" அது வர பத்து நாள் ஆகும் என்று அந்தப் பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய கத்தல் கேட்டது.

742. அந்த எண்ணைத் தமிழினி பார்த்திருக்கிறாள். சான்றிதழின் பின்னைப் பிடுங்கி ஸ்கேனரில் வைக்கும்போது இரண்டாவதாக ஒரு தாள் வந்தது. ஏறக்குறைய வெறுந்தாள். நடுவில் ஒரே ஒரு வரி: 742, இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி. சீலும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்த ஆபீசில் சட்டம் ஒன்றுதான்: ஊதா சீல் இருந்தால் ஸ்கேன், இல்லாவிட்டால் ரஃப். அவள் அதை ரஃப் தாள் அடுக்கில் போட்டுவிட்டாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் பழி ஆஸ்திரேலியாக்காரன் தலையில் விழும். திறந்தால் வேலை போகும். போன மாதம் ஒரு தாளைத் தொலைத்த சுமலதாவை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார் கோதண்டராமன். மறுபடி மல்லாட்டைத் தூசியும் இருமலும்தான். ஆனால் புகை கக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கன்டெய்னர் கண்ணை விட்டுப் போகவில்லை. அது அவளுடைய லோடு.

"சார், அந்தத் தாளு வந்துச்சு சார்."

"இன்னா?"

"742 இருந்த தாளு. நான்தான் சார் ரஃப்ல போட்டேன்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. கோதண்டராமன் போனைக் காதிலிருந்து எடுத்தார். "தேடு" என்றார்.

அடுக்கைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். இல்லை. மறுபடி புரட்டினார்கள். அப்போது பக்கத்து நாற்காலிக்காரி கலைவாணி தலையில் கை வைத்தாள்.

"அடியே! கோலம் போட்டுப் பாக்க நேத்து பத்து தாளு எட்னு போனேன்டி!"

"எங்கக்கா?"

"எங்க வூட்டுக்குத்தான். அனந்தபுரம்."

"மணி ரெண்டேகால்க்கா!"

"அப்ப இன்னாத்துக்கு நிக்கிற? ஸ்கூட்டில ஏறு!"

கலைவாணி ஓட்டிய ஓட்டத்தில் தமிழினியின் துப்பட்டா இரண்டு முறை பறந்து முகத்தில் அடித்தது. மாட்டு வண்டி, மினி பஸ், ரோட்டில் காயப்போட்ட நெல் என்று எதற்கும் வேகம் குறையவில்லை. "மெதுவாக்கா!" என்று கத்திய தமிழினியே அடுத்த நிமிஷம் "சீக்கிரம்க்கா!" என்றாள். "ஏதாவது ஒண்ணு சொல்லுடி!" என்று திட்டினாள் கலைவாணி.

ஒன்பது தாளில் இல்லை; பத்தாவது சமையலறை அலமாரிக் கதவில் செல்லோ டேப்பில் ஒட்டியிருந்தது. பதினைந்து புள்ளிக் கோலம், நான்கு மூலையிலும் மயில். தமிழினி நகத்தால் டேப்பை மயிரிழை மயிரிழையாக உரித்தாள். திருப்பினாள். 742.

கீழ் ஓரத்தில் விரல் பட்டபோது ஏதோ நெருடியது. வட்டமாக, மேடாக. காகிதத்தையே அழுத்திப் பதித்த முத்திரை! மை இல்லாததால் அன்று கண்ணில் படவில்லை.

மூன்றேகால். யார்டுக்கு வீடியோ கால் போட்டார்கள். டாக்டர் முகம் வந்தது. "எண் சரி. சீல் எங்க? வெறுந்தாள யார் வேணாலும் அடிக்கலாம்."

கலைவாணி போனைத் தமிழினியிடம் தள்ளினாள். "நீ சொல்லுடி."

"மேடம், ஒரு நிமிஷம் மேடம்." ஜன்னலைச் சாத்தினாள். கலைவாணியின் போனில் டார்ச்சைப் போட்டு, தாளின் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தாள். நிழல் விழுந்ததும் வட்டம் எழுந்து நின்றது. உள்ளே எழுத்துகள், சான்றிதழ் எண். "தெரியுதா மேடம்? முதல் தாள்ல இருக்கற நம்பரேதான் மேடம்."

டாக்டர் தன் கையிலிருந்த முதல் தாளோடு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி ஏத்துங்க."

"பின்பக்கம் கோலம் மேடம்."

"என்னது?"

"மயில் கோலம் மேடம்."

யார்டில் விமல்ராஜ் கெக்கெக்கென்று சிரிப்பது கேட்டது. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அதையும் சேர்த்துத்தான். ஒரிஜினல் நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என் மேஜையில இருக்கணும்."

இரண்டு பக்கத்தையும் போனிலேயே ஸ்கேன் செய்து ஏற்றினாள். ஆபீசுக்குத் திரும்பியபோது மணி நாலு அடிக்க நான்கு நிமிஷம். கோதண்டராமன் எழுந்து அவளுடைய நாற்காலியை அவளுக்கே விட்டார். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். குவாரண்டைன் அனுமதி வந்தது. பத்து நிமிஷத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியும் விடுவித்த செய்தி வந்தது. கலைவாணி மேஜையில் படபடவென்று தட்டினாள். விமல்ராஜ் அனுப்பிய வீடியோவில் கதவு சாத்தி, சீல் வைத்து, லாரி கேட்டைத் தாண்டியது. தமிழினி அதை நான்கு முறை பார்த்தாள்.

கோதண்டராமன் தொண்டையைச் செருமினார்.

"தப்பு நீ பண்ணது. ஊதா சீலுன்னு சட்டம் போட்டது நான். அதனால பாதி என்னுது. நாளைக்கு நீ இங்க வராத. காலையில முத பஸ்ஸப் புடி. தாள நீயே கொண்டு போய் அந்தம்மா மேஜையில வெச்சிட்டு வா."

"நானா சார்?"

"பின்ன? அவங்ககிட்ட பேசுனது நீதான?"

படியில் இறங்கும்போதே அம்மா மீனம்பாளுக்குப் போன் போட்டாள். பின்னால் மில் இரைந்தது.

"யம்மா! நாளைக்கு நான் மெட்ராசுக்குப் போறேன். ஹார்பருக்கு!"

"இன்னாத்துக்குடி?"

"ஆட்டுக்கறி விஷயமா."

"கறி வாங்க மெட்ராசுக்கா? உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது?"

"வாங்கலம்மா, நான் வுட வெச்சேன்! ஒரு லாரி கறி! ஆயிரத்து நூத்தி நாப்பது பெட்டி!" என்று தமிழினி ரோட்டில் நின்று கத்தினாள். கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வெட்கமே வரவில்லை.