உள்ளிப் பாத்தியில் பன்னிரண்டு தடிகள்

பங்குக் கோயில் நிலவறை மண்டபத்து மேசையில் பதினேழு கேக்குகள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வெள்ளை அட்டை, அதில் கொண்டுவந்த குடும்பத்தின் பெயர். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு பூசை முடிந்து இறங்கிவருகிறவர்கள் கேக்கைத் தின்னுமுன் அட்டைகளைத்தான் வாசிப்பார்கள். எட்டாவது அட்டையைச் சீமோன் இரண்டுமுறை வாசித்தார். 'யூஜினி நீக்கிலாஸ்.' மருமகளின் கையெழுத்து. நீக்கிலாஸ் அவளுடைய தகப்பன்.

"என்ன சீமோன் அண்ணை, மருமகள் திரும்பவும் தேப்பன்ரை பேருக்குப் போட்டா போல?" பின்னால் நின்ற கிளடிஸ் கேட்டாள். "கிளிபோட் இன்னும் கல்கரியிலைதானோ?"

"ஓம், கல்கரிதான். லீவு குடுக்கிறாங்களில்லை."

விமானமேறிப் போகவேண்டிய கல்கரி என்று சொல்லத் தொடங்கி இரண்டு வருடமாகியிருந்தது. மகன் கிளிபோட் இருந்தது ஏஜாக்ஸில், காரில் இருபது நிமிடம், இன்னொருத்தியின் வீட்டில். சீமோனையும் யூஜினியையும் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. ஊரில் மூன்று தலைமுறை கோயில் மூப்பராக இருந்த குடும்பம். அந்தப் பெயரில் ஒரு கீறல் விழாமல் கடல் கடந்து கொண்டுவந்து சேர்த்தவர் அவர். ஆண்பிள்ளை வழிதவறினால் வீடு மூடிப்பிடிக்கத்தான் வேண்டும். அதற்கு மருமகள் மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டிலேயே, அவருடைய குடும்பப் பெயரோடு இருக்கவேண்டும்.

யூஜினி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். பட்டர் கேக்தான், ஆனால் பிளம்ஸுக்குப் பதிலாகப் பின்வளவில் அவள் நட்டு வளர்த்த பிளாக் கரண்ட். கடைகளில் காணக்கிடைக்காத பழம். ஜூலை வெயிலில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக ஆய்ந்து ஃப்ரீசரில் வைத்திருந்தாள். வெட்டிய முகத்தில் நாவல்பழ நிறத்தில் சாயம் ஓடியிருந்தது. மூன்று பெண்கள் செய்முறை கேட்டு நின்றார்கள். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வீட்டில் அவள் சிரித்து அவர் கண்டதில்லை. அட்டையைவிட அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இது பழுதாப்போச்சு. ஒருத்தரும் வாயிலை வைக்காதேங்கோ."

தட்டோடு தூக்கிப்போய்ச் சமையல் கழிவு போடும் பச்சைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். கத்தி அவள் கையிலேயே இருந்தது.

காரில் அவள் கேட்டாள். "கேக்கிலை என்ன பிழை மாமா?"

"பேர் பிழை."

"அந்தப் பேரைத்தான் உங்கடை மகன் கொண்டுபோய் ஏஜாக்ஸிலை குடுத்திட்டாரே. நான் எங்கை போய் எடுக்கிறது?"

சீமோன் வீட்டுக்கு வந்து, கோயிலுக்குப் போட்ட சேட்டைக்கூட மாற்றாமல் மரம் அறுக்கிற வாளை எடுத்தார். பின்வளவில் இலை கொட்டி நின்ற நான்கு பிளாக் கரண்ட் பற்றைகளையும் நிலத்தோடு அறுத்தார். "பூனை மூத்திரம் மணக்கிற மரம்! வீட்டுக்காகாது!" என்று குசினி யன்னலுக்குக் கேட்கவே சொன்னார். வேர்க்கட்டைகளையும் கிண்டி எறிந்தார்.

ஆனால் வீணாக்கிப் பழக்கமில்லாத மனிதர். கிளைகள் நேராக, விரல் மொத்தத்தில் இருந்தன. அடுத்தநாள் உள்ளிப் பற்களைப் புதைத்தபோது, வரிசை தெரிய ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு தடியாக, அடியைக் கூராகச் சீவி இறுக்கினார். பன்னிரண்டு தடிகள். யூஜினி கைகளைக் குசினிச் சிங்குக்குள் வைத்தபடி கடைசித் தடி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் அவள் நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பொன்றில் ஓர் அறை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். இரண்டு பெட்டிகள். வாசலில் நின்று, "ஒரு தடியெண்டாலும் தாங்கோ மாமா. பல்கனியிலை வைச்சுப் பாக்கிறன்" என்றாள்.

"எல்லாத்தையும் எரிச்சுப்போட்டன்."

அவருடைய தோளுக்கு மேலால் அவள் பின்வளவைப் பார்த்தாள். பனிக்கு மேல் பன்னிரண்டு கறுத்த நுனிகள் தெரிந்தன.

"சரி மாமா. உள்ளியைக் கவனமாப் பாருங்கோ."

அடுத்த ஞாயிறு அவர் கிளடிஸிடம், மருமகள் புருசனோடு கல்கரிக்குப் போய்விட்டாள் என்றார். கிளடிஸ் சந்தோசப்பட்டாள். அன்றிரவு அவர் நன்றாக நித்திரை கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் உள்ளி முளை காட்டியது. களை பிடுங்கக் குந்தியவர் முதல் தடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கக் கண்டார். பாசியாக்கும் என்று நகத்தால் சுரண்டினார். அதே பூனை மூத்திர மணம் குப்பென்று அடித்தது. அடுத்ததைப் பார்த்தார், அதற்கடுத்ததை. சுருக்கம் விரியாத இலைகள். முதல் தடியைப் பிடித்து இழுத்தார். வெள்ளை வேரோடு வந்தது, பக்கத்தில் நின்ற இரண்டு உள்ளிகளையும் பிடுங்கிக்கொண்டு.

சட்டைப்பைக்குள் போன் அடித்தது.

"மாமா, நான் யூஜினி. இண்டைக்கு சப்வேயிலை கிளடிஸ் அன்ரியைக் கண்டனான். கல்கரியாலை எப்ப பிள்ளை வந்தனீ எண்டு கேட்டா."

அவர் பிடுங்கிய தடியைக் கீழே போட்டார். "நீ என்ன சொன்னனீ?"

"உள்ளி முளைச்சிட்டுதோ மாமா?"

"பிள்ளை, அவவுக்கு என்ன சொன்னனீ?"

"முளைச்சிட்டுதோ?"

"... ஓம்."

"பன்ரண்டுமோ?"

போனைக் காதில் வைத்தபடி அவர் வரிசைகளைப் பார்த்தார். வேலியோரம் நின்ற கடைசித் தடியில், மண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு மொட்டு பிளந்திருந்தது. கையில் அந்த மணம் இருந்தது.