பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஊரே சொல்லும். அப்படிப்பட்டவள் அந்த ஆனி மாதம் முழுக்க வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன். எனக்கு வேலை கிடைத்திருந்தது. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வைப் பலமுறை எழுதித் தோற்று, கடைசியில் தமிழ் மீடியம் டீச்சர் வேலை. இடுக்கி மலையில் மாட்டுப்பட்டிப் பக்கம், நாலாம் வகுப்பு வரை உள்ள ஓர் எல்.பி. ஸ்கூல். எங்கள் சித்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறிப் போகிற தூரம். இடுக்கி மாவட்டத்துக்கு எழுதச் சொன்னதே என் வீட்டுக்காரர் ரமேஷ்குமார்தான்.

"அங்க போட்டி கம்மி அம்மிணி, கண்ணை மூடிட்டுப் போடு" என்றார். நான் படிக்கும்போது அவரே டீ போட்டுக் கொடுத்தார். அதையெல்லாம் மறக்க முடியாது.

ஆனிக் கடைசித் திங்கட்கிழமைக்குள் மகளையும் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆர்டர் வந்த மறுநாளே கிணற்று மோட்டார் காயில் கருகியது. மழைக்காலம்தானே, தண்ணீருக்கா பஞ்சம் என்றேன். அடுத்து மாமியார் பழனாத்தாள் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து வலது கைக்கு மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. "காலுன்னா படுக்கையாப் போயிருக்கும், கைதானுங்களே அத்தை" என்று சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். முதல் நாள் உடுத்த வாங்கிய பருத்திச் சேலையைக் கொடியிலிருந்து இழுத்து மாடு மென்றது. நல்ல வேளை, உள்ளே சொருகுகிற பக்கம். கடைசியாக மகள் மௌனிகாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பூரியாட்டம் உப்பியது. ஆறிய பிறகும் அந்தக் கன்னத்தை அவளே கண்ணாடியில் நடித்துக் காட்ட, அம்மாவும் பெண்ணும் உருண்டு சிரித்தோம்.

அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேலை வந்ததும் வந்தது, வரிசையாக வருகிறதே என்று. நாச்சம்மாள் அக்கா பால் வாங்க வந்தவள், "சகுனம் சரியில்லையாட்ட இருக்குது கிருத்திகா" என்று இழுத்தாள். வேலையைப் பார்த்துக்கொண்டு போ அக்கா என்று அனுப்பினேன்.

ரமேஷ்குமார் மட்டும்தான் என் பக்கம். "நீ பாசிட்டிவா இரு கிருத்தி. நீ சிரிச்சாத்தான் இந்த ஊடே சிரிக்குது" என்பார். அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியாது. இன்னும் நாலு வேலையை இழுத்துப் போட்டுச் செய்வேன்.

புதன்கிழமை அவரே சொன்னார். "எதுக்கும் மாகாளியம்மன்கிட்ட ஒரு பூக் கேட்டுரலாமா? ஊர் வாய்க்கும் ஒரு பதில் ஆச்சு."

எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் கிணறு வெட்ட மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். வெள்ளை அரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்து, நாரில் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரிக்கும் எது எதுவென்று தெரியக் கூடாது என்று வீட்டு ஆள்தான் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அப்புறம் அப்பீலே கிடையாது. எங்கள் கல்யாணமே அப்படிப் பூக் கேட்டு நடந்ததுதான். அதனால் நானும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் மௌனிகா கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி ஆறுமுகசாமி பிரித்தார். சிவப்பு.

பழக்கதோஷம், சிரித்தேன். "சரிங்க, அம்மனே வேண்டாம்னுட்டா" என்றேன்.

"விடு அம்மிணி. இதவிட நல்லதா ஒண்ணு வரும்" என்று ரமேஷ்குமார் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பூசாரி அதை என் கையில் கொடுத்தார்.

"குடு, நான் போட்டுடறேன்" என்று என் வீட்டுக்காரர் கை நீட்டினார்.

"இதையாச்சும் நான் பண்றனுங்க" என்றேன். என் வேலையை நானே வழியனுப்பலாம் என்றிருந்தது.

வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அவர் போனில் யாரிடமோ மோட்டார் ரிப்பேர் பேசிக்கொண்டிருந்தார். பொட்டலம் தண்ணீரில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. சரியாகக் கட்டாத நார் நழுவ, இலை விரிந்தது. உள்ளேயிருந்து வெளியே வந்த அத்தனையும் சிவப்பு அரளி.

கோபம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பேசாமல் வண்டியில் ஏறி அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இது மாமியார் வேலை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாவம் மனுசன், தெரிந்தால் இடிந்து போவார் என்றுகூட நினைத்தேன். நினைத்தேனே, அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் எங்களை இறக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போனதும் மாமியாரிடம் போய் நின்றேன். "நான் போறது புடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமுங்களே அத்தை."

கிழவி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"இந்தக் கைய வெச்சுட்டு நான் எங்க அம்மிணி பொட்டலங் கட்டறது? காலைல அவன்தான் பறிச்சான். எல்லாஞ் செவப்பா இருக்குதேடான்னு கேட்டேன். வெள்ளை கோயல்லயே இருக்குதும்மான்னான்." மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ போனீனா மாட்டை வித்துப்போட்டு நானும் ஒரு மாசம் வந்து இருக்கலாம்னு இருந்தனே" என்றாள்.

அவர் சாயங்காலம் வந்தபோது என் துணிமணியெல்லாம் பையில் இருந்தது.

"ரெண்டும் செவப்புத்தானுங்களா?" என்றேன்.

"யாரு சொன்னா?"

இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னார்கள் என்றுதான் கேட்டார்.

"பொட்டலம் தண்ணில பிரிஞ்சுபோச்சு. பாத்தேன்."

கட்டிலில் உட்கார்ந்தார். "நீ பாஸாவீன்னு நான் நெனைக்கல கிருத்தி. ஆர்டர் வந்தப்புறம் தூக்கமே இல்ல. நீயும் புள்ளையும் போயிட்டா அம்மாவ வெச்சுட்டு நான் இந்த ஊட்ல ஒண்டியா என்ன பண்றது? நேராச் சொன்னா நீ சண்டைக்கு வருவே. அம்மன் சொன்னா ஒத்துக்குவீன்னு..."

"ஒத்துக்கிட்டனுங்களே."

"இப்பெல்லாம் நீதான் எது வந்தாலும் சிரிச்சுட்டுப் போறவளாச்சே. இதையும் ரெண்டு நாள்ல மறந்துருவீன்னு நெனச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துரோகம் என்றால் எங்கோ பெரிய இடத்தில் நடப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்த கை அது. பாசிட்டிவாக இரு என்று சொல்லிச் சொல்லி, என்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று அளவெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"புள்ள கையால எடுக்க வெச்சீங்களே" என்றேன். "தப்பா எடுத்துட்டனாம்மான்னு மத்தியானமெல்லாம் அழுதா. அவளுக்கு என்ன சொல்லட்டும்?"

அவர் பக்கத்திலிருந்த என் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"போகாதேன்னு நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஆனா நின்னிருப்பனுங்க."

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "இப்பச் சொல்றேன். போகாத கிருத்தி."

கண் கலங்கியிருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் நின்றிருப்பேன், நேற்றென்றால். இப்போது அந்தக் கண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், இது நிஜமா என்று. என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கையை உருவிக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டி, அழுது தூங்கிப்போயிருந்த மௌனிகாவை எழுப்பப் போனேன்.