கேட்ட முதல் ஆள்

வைரவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து ஜெயபாரதியின் மேசைமேல் வைத்தான். இருபத்தொரு நாள் மாத்திரை. எல்லாக் குழியும் காலி.

“சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணுன்னாங்க மேடம். ஒரு நாள் விடல. நேத்து சைட்ல தலை சுத்தி விழுந்துட்டேன். இப்ப சுகரே இல்லேங்கிறாங்க. அப்ப நான் எதுக்கு இதை முழுங்கினேன்?”

டாக்டரைத்தான் முதலில் கேட்டிருக்கிறான். அவர், நம்பர் மாறிவிட்டது, கம்ப்யூட்டர் மேடத்தைக் கேள் என்று அனுப்பிவிட்டார். துபாயின் அல் கூஸ் பகுதியில் தொழிலாளர் கேம்புகளுக்கு நடுவே இருந்த அந்தக் கிளினிக்கில் கம்ப்யூட்டர் பொறுப்பு முழுக்க ஜெயபாரதியுடையது. நம்பர் எப்படி மாறியது என்று அவள் காலையிலேயே கண்டுபிடித்திருந்தாள். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் ஒட்டிய லேபிள்களில் பேனாவால் எழுதியிருந்தார்கள். ஒன்றை ஏழாகவும் ஏழை ஒன்றாகவும் யாரோ படித்துவிட்டார்கள். 417 வைரவன். 411 கார்மேகம் என்று ஒருவன், சர்க்கரை அவனுக்குத்தான். உடம்பு நன்றாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்ட அவன் லீவில் ஊருக்குப் போய்விட்டான். பதிவில் இருந்த நம்பரை நான்கு முறை அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

“கிரேன்ல ஏத்த மாட்டேங்கிறாங்க மேடம். கம்பி சுமக்கப் போட்டுட்டாங்க. எட்டு வருசமா கிரேன்ல இருந்தவன் நான்.”

அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“தப்பு எங்களோடதுன்னு உங்க கம்பெனிக்கு லெட்டர் தர்றோம்.”

“தந்தா ஏத்துவாங்களா?”

லெட்டரை அடித்து, மேனேஜர் கல்யாணசுந்தரத்தின் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். அவன் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். காலி அட்டைகளை எடுத்துப்போகவில்லை.

எல்லாம் ஐந்து மாதத்துக்கு முன்பு ஆரம்பித்தது. கிளினிக்கில் இருந்த பத்துக் கம்ப்யூட்டர்களிலும் திருட்டு விண்டோஸ். சோதனை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் கல்யாணசுந்தரம் பதறிப்போனார். ஜெயபாரதிதான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம் என்றாள். யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், லைசென்ஸ் தொல்லை கிடையாது, வைரஸும் அண்டாது. ஈரோட்டில் படித்த காலத்திலிருந்தே அவளுக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே சேர்ந்து செய்த பொருள் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறையும். மூன்றே நாளில் பத்தையும் மாற்றினாள். எல்லாம் ஓடின. நான்கு லேபிள் பிரிண்டர்கள் மட்டும் அசையவில்லை. பிரிண்டரை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை அவற்றைச் செய்த கம்பெனி லினக்ஸுக்கு எழுதவில்லை. அன்றிலிருந்து லேபிள்களைப் பேனாவால் எழுதினார்கள்.

“ஒரே ஒரு மெஷின்ல மட்டும் விண்டோஸ் வாங்கிப் போட்டுரலாமாம்மா?” என்று கல்யாணசுந்தரம் அப்போதே கேட்டார்.

“ஒரு மாசம் குடுங்க சார். கம்பெனிகிட்ட டிரைவர் வாங்கிர்றேன்.”

அந்த ஒரு மாதம்தான் ஐந்தானது.

அவள் டிரைவர்கூடக் கேட்கவில்லை. பிரிண்டருக்குப் போகிற கட்டளைகளின் பட்டியலை மட்டும் தாருங்கள், டிரைவரை நானே எழுதிக்கொள்கிறேன், எழுதியதை உங்களுக்கும் சும்மா தருகிறேன் என்று கேட்டாள். பதினோரு கடிதங்கள். வாடிக்கையாளர்கள் உள்ளூர் விநியோகஸ்தர் வழியாகத்தான் வரவேண்டும் என்று கம்பெனியின் இணையதளத்தில் போட்டிருந்தது. அந்த விநியோகஸ்தரின் துபாய் அலுவலகத்தில் சேல்ஸ் மேனேஜர் அவள் கணவன் முரளிதரன். அதனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஒவ்வொரு கடிதத்தையும் அவனிடம் கொடுத்தாள்; பிறகு என்னவாயிற்று என்று கேட்பாள். “அனுப்பியாச்சு பாரதி. ஹெட் ஆபீஸ்ல இருந்து பதில் வரணும்ல” என்பான் அவன். எட்டாவது கடிதத்துக்குப் பிறகு அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே பதில் சொன்னான். அவளும் அதைக் கவனிக்காதவள்போல் ரசம் ஊற்றினாள்.

வைரவன் வந்துபோன மறுவாரம் பிரிண்டர் கம்பெனியின் வளைகுடாப் பொறுப்பாளர் துபாய் வருவதாகத் தெரிந்தது. ஒரு கால் மணி நேரம் வாங்கித் தரச் சொன்னாள்.

“வேண்டாம் பாரதி. எங்க ஆபீஸ்ல வந்து நீ உட்கார்ந்தா எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா?”

“ஒருத்தன் உயிரே போயிருக்குமுங்க.”

அவன் வாங்கிக் கொடுத்தான்.

பொறுப்பாளர் மரியாதையான மனிதர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். வைரவனின் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் படித்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். கட்டளைப் பட்டியல் கம்பெனி ரகசியம் என்றார். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். உங்களிடம் எத்தனை பிரிண்டர்கள் என்று கேட்டார். நான்கு என்றாள். அந்த எண்ணைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னது என்று அவளுக்கே காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

“நிறையப் பேர் கேட்டால் தலைமையகத்தில் பேச எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்,” என்றார் ஆங்கிலத்தில். “ஆனால் வளைகுடா முழுவதிலும் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதையும் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.”

ஜெயபாரதி பக்கத்தில் உட்கார்ந்திருந்த முரளிதரனைப் பார்த்தாள். அவன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். நன்றி சொல்லி, அவர் நீட்டிய கார்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

அன்று மதியமே கல்யாணசுந்தரத்திடம் போய், ஒரு விண்டோஸ் வாங்கிக் கொடுங்கள் சார் என்றாள். இதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் உடனே ஆள் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் போட்டு முடித்தாள். பிரிண்டர் ஒருமுறை முனகிவிட்டு வரிசையாக லேபிள்களைத் தள்ளியது. எந்த எண்ணையும் யாரும் தப்பாகப் படிக்க முடியாது. ஐந்து மாதம் முன்பே இதைச் செய்திருக்கலாம். கம்பெனிமேல் இருந்த கோபத்தை எங்கே வைத்தாலும் அது திரும்பி அவளிடமே வந்து நின்றது. கார்மேகத்தின் நம்பரை மறுபடி அழைத்தாள். சுவிட்ச் ஆஃப்.

மாலையில் முரளிதரன் அழைத்துப் போக வந்தான். ஷேக் சயீத் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. பக்கத்து லேனில் லேபர் பஸ் ஒன்று நின்றது; கம்பி போட்ட ஜன்னல்களில் தலைகளைச் சாய்த்து ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பதினொண்ணுல எத்தனை அனுப்புனீங்க?”

“ஒண்ணும் அனுப்பல.”

“ஏன்?”

“நாலு பிரிண்டருக்காக, அதுவும் பொண்டாட்டிக்காக ஹெட் ஆபீஸத் தொல்லை பண்றான்னு பேர் வாங்கணுமா? நீயே சலிச்சு விட்டுருவேன்னு நினைச்சேன்.”

“நான் விடலீங்களே.”

“தெரியும்.”

பஸ் முன்னால் நகர்ந்தது. அது விட்ட இடத்தில் வெயில் வந்து அவள் மடியில் விழுந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அசதிதான் வந்தது.

“நீ முதல் ஆள் இல்ல,” என்றான் முரளிதரன், ரோட்டைப் பார்த்தபடியே. “இன்னும் மூணு பேர் எழுதியிருக்காங்க. அதையும் அனுப்பல.”

“யாரு?”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற?”

அவள் அந்தப் பொறுப்பாளரின் கார்டைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். பின்பக்கம் வழவழப்பான கறுப்பு. மை ஏறாது. பேனாவைத் திறந்து இடது உள்ளங்கையை விரித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க.”

பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான். முரளிதரன் வண்டியை நகர்த்தினான்.

“புஜைரால ஒரு ஷிப்பிங் ஏஜென்சி,” என்றான்.

அவள் எழுதினாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. ஊர்ப் பெயரில் பாதி எழுதுவதற்குள் முதல் எழுத்து பரவி நீலமாகிவிட்டது. புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி எழுதத் தொடங்கினாள்.