நீட்டிய கால்

தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, அச்சகக்காரரின் இதயத்தில் இருந்த அடைப்பை நீக்கியிருந்தார்கள். "ஆறு மணி நேரம் வலது கால மடக்கக் கூடாது, தலையையும் தூக்கக் கூடாது. மீறினா ரத்தம் பீறிடும்" என்று நர்ஸ் மூன்று தடவை எச்சரித்திருந்தாள். பாதத்தில் நாடி துடிக்கும் இடத்தைப் பேனாவால் குறித்திருந்தாள். அவரும் மரக்கட்டை போலக் கிடந்தார்.

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கதவைத் திறந்துகொண்டு சம்பந்தி வந்தார். மகள் கல்யாணத்தன்று அச்சகக்காரர் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தையால் இரண்டு வருடமாக அவர்களுக்குள் பேச்சு இல்லை. அவரைக் கண்டதும் அச்சகக்காரருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. "வாங்க சம்பந்தி" என்று கைகூப்பி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ, படுங்க! நான் என்ன மகாராஜாவா?"

படுத்தார். கட்டுக்கடியில் வெதுவெதுவென்று ஏதோ பரவியது. சொல்லக் கூசும் இடம், அதுவும் இவரிடமா? பல்லைக் கடித்துக்கொண்டு, "பேத்தி நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

"அவளுக்கென்ன, வீட்டையே ரெண்டாக்குறா. உங்க முகம் ஏன் வெளுக்குது?"

"ஒண்ணுமில்ல."

"இதுலயுமா வீம்பு? சொல்லுங்க."

"கீழே... ஈரமா இருக்கு."

சம்பந்தி ஓடிப்போய் நர்ஸை அழைத்துவந்தார். கட்டு நனைந்து, பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. டாக்டருக்குக் குரல் கொடுத்துவிட்டு, நர்ஸ் இரண்டு கைகளாலும் உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து அழுத்தினாள். "ஐயா, கால் அசையாமப் பிடிங்க. பேனாக் குறி மேல விரல் வைங்க. துடிப்பு நின்னா உடனே சொல்லணும்."

யாரிடமும் குனியாதவர் என்று பேர் எடுத்த சம்பந்தி குனிந்து, அந்தப் பாதத்தை இரு கைகளாலும் பிடித்தார்.

"நீங்க போய் என் கால..."

"வாய மூடிட்டுப் படுங்க. துடிக்குதும்மா, துடிக்குது."

இருபது நிமிடம் அவர் கையை எடுக்கவில்லை. உதடுகள் மட்டும் பிரார்த்தனையில் அசைந்தன. பகை பாராட்டிய மனிதனுக்காக வேண்டுகிற வேண்டுதல் கடவுளின் காதில் முதலில் விழும் என்றே நான் நம்புகிறேன்.

டாக்டர் வந்து பார்த்தார். "ரத்தம் நின்னுடுச்சு. ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம். ஆனா ஆறு மணி நேரம் மறுபடி முதல்லேருந்து."

அச்சகக்காரர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னிக்கு அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது."

சம்பந்தி, அச்சகக்காரர் தலையைத் தூக்காமலே தன்னைப் பார்க்க முடிகிற இடமாகத் தேடி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.