பார்க்காமல் எழுதிய பெயர்

செயின்ட்-மிஷேல் மரங்கொத்திகள் ஆறு வருடம் தொடர்ந்து கடைசி இடத்தில் வந்த அணி. ஏழாவது வருடம் கிண்ணம் எடுத்தது. அந்த ஏழு வருடமும் என் மகள் அஜந்தா பதினேழாம் இலக்கச் சட்டையோடு அந்த அணியில் ஆடினாள். கிண்ணம் எடுத்த ஆட்டத்தில் மட்டும் ஆடவில்லை. அதற்குக் காரணம் நான்.

அவுஸ்திரேலியக் கால்பந்து என்று சொன்னால் எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பந்து உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூர்ந்தது. கையில் பிடித்து ஓடலாம், முட்டிக் கையால் குத்தி அனுப்பலாம், உதைக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம். நடு இரண்டுக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி. அது தப்பிப் பக்கத்து இடைவெளியால் போனாலும் ஒரு புள்ளி உண்டு.

"குறி தப்பினாலும் ஒண்டு குடுக்கிற விளையாட்டு அண்ணை இது. வேறை எங்கை இப்பிடிக் காணுவியள்?" என்று றெனோல்ட் சொல்வான். றெனோல்ட்தான் அணியின் கோச். மெல்பேணில் வளர்ந்த எங்கள் ஆள். மொன்றியலில் கலியாணம் கட்டி வந்து, இங்கே இந்த விளையாட்டு இல்லையே என்று இரண்டு குளிர்காலம் புலம்பிவிட்டுப் பெண்களைச் சேர்த்து ஒரு அணி தொடங்கினான். முதலில் சேர்ந்தவர்களில் அஜந்தா ஒருத்தி. பகலில் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. சனிக்கிழமை பந்து.

நான் மைதானத்துக்குப் போனது கம்பம் தூக்கத்தான். நகரசபை மைதானத்தில் எங்கள் விளையாட்டுக்குக் கம்பம் கிடையாது. பிளாஸ்டிக் குழாய்கள் எட்டை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நடவேண்டும், முடிந்ததும் பிடுங்க வேண்டும். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஈரப் போர்வைகளை இழுத்து வண்டிலில் போடுகிறவனுக்கு எட்டுக் குழாய் பெரிய பாரமில்லை. தோள்மூட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை எழும்ப விடாது.

எனக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில்தான் பாலாம்பிகை, என் மனைவி, குசினி மேசையில் இருத்தி வைத்து முதலில் தமிழ் எழுத்தும் பிறகு ஆங்கில எழுத்தும் காட்டித் தந்தாள். பிரெஞ்சு எனக்குக் காதால் வந்தது. கண்ணால் வரவில்லை. இதை நான் தொழிற்சாலையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினால் மற்றவர்கள் நிற்கிற அளவு நேரம் நானும் அதற்கு முன்னால் நிற்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனால் நானும் தலையாட்டிவிட்டுப் போவேன்.

ஏழாவது வருடம் தொடங்கும்போது றெனோல்ட், "ஒவ்வொரு மட்சுக்கும் ஆடுற ஆக்களின்ரை பேர் எழுதி லீக்குக்குக் குடுக்க ஒரு ஆள் வேணும்" என்றான்.

"அதை நான் போனிலையே அடிச்சு அனுப்புவன்" என்றாள் அஜந்தா.

"நான் எழுதுறன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். றெனோல்டுக்குச் சந்தோசம். அடுத்த கிழமையே ஒரு நீல ஜக்கெற் வந்தது. முதுகில் செயலாளர் என்று பிரெஞ்சில் தைத்திருந்தது. அணிப் பிள்ளைகள் என்னைக் கண்டால் "பொன்ஜூர், மிஸ்யு லு செக்ரெற்றேர்" என்று கத்துவார்கள். பாலாம்பிகை அந்த ஜக்கெற்றை என் வேலைச் சட்டைகளோடு துவைக்க மாட்டாள்.

எழுதுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அஜந்தா முழு அணியின் பெயர்களையும் ஒரு காகித மட்டையில் ஆங்கிலத்தில் எழுதித் தந்திருந்தாள். அன்றைக்கு ஆடுகிறவர்களின் பெயரை அதைப் பார்த்துப் படிவத்தில் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக. பதினாலு பெயருக்கு முக்கால் மணித்தியாலம். மூன்று ஆட்டம் அப்படிப் போயிற்று. மூன்றிலும் வென்றோம்.

நாலாவது ஆட்டத்தில் ஒரு பெயரை மட்டையைப் பார்க்காமல் எழுதினேன். அது என் மகளின் பெயர். அது எனக்கு மனப்பாடம். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. அருளம்பலம் அஜந்தா. மட்டையில் அவள் இந்த நாட்டு வழக்கத்துக்குத் தன் பெயரை முன்னால் போட்டு எழுதியிருந்தாள் என்பது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தபோது என் பெயரும் அவள் பெயரும் ஒரே வரியில் வடிவாக இருந்தன. அதற்குப் பிறகு அவளுடைய பெயரை அப்படியேதான் எழுதினேன். பைனலுக்கு முதல் மொத்தம் எட்டு ஆட்டம். அவள் ஆறு ஆடினாள். இரண்டுக்கு முழங்கால் வீங்கி வரவில்லை. ஒக்டோபர் முடிய அந்த முழங்காலைக் கீற வேண்டும், அதற்குப் பிறகு இந்த விளையாட்டை மறக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"அப்ப இந்த வருசத்தோடை சரி அப்பா. ஒருக்கா பைனல் ஆடிப்போட்டு விடுவம்" என்றாள்.

யூலை கடைசியில் ஒரு ஆட்டம் முடிந்து நான் குழாய் பிடுங்கிக்கொண்டு நிற்கும்போது நடுவர் வந்து ஒரு கடித உறையை நீட்டினார். ஜக்கெற்றைப் பார்த்துத் தந்திருப்பார். மெர்சி என்று சொல்லி வாங்கினேன்.

வீட்டில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு திறந்தேன். ஒரு பக்கம் நிறையப் பிரெஞ்சு. முதல் வரியில் செயலாளர் என்ற சொல். அது என் முதுகில் இருக்கிற சொல், தெரியும். அதற்குப் பக்கத்தில் மெர்சி. அதுவும் தெரியும். கீழே மூன்று இடத்தில் அருளம்பலம். நான் அதை மூன்று தரமும் எண்ணிப் பார்த்தேன். லீக்கிலிருந்து எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியில் என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அஜந்தாவிடம் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பாள். கொடுக்கவில்லை. இதை நானே வாசித்து முடிக்க வேண்டும், முடித்துவிட்டு அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. சுவாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பட்டியல்களை ஒழுங்காகத் தருவதற்கு நன்றி என்பதுவரை இரண்டு கிழமையில் வந்தேன். ஒரு சொல்லை வேலையில் கூட நிற்கிற ஹெயிட்டிக்காரர் ஒருவரிடம் கேட்பேன், அடுத்ததைத் தெருமுனை டெப்பனர் கடைக்காரனிடம் கேட்பேன். ஒரே ஆளிடம் இரண்டு தரம் கேட்க மாட்டேன். நன்றி என்று கண்ட பிறகு மிச்சத்துக்கு அவசரம் தெரியவில்லை.

பைனல் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, இல்-பிசார் அணியோடு. அதற்கு முந்திய வியாழன் பின்னேரம் றெனோல்ட் வேலை உடுப்போடே எங்கள் வீட்டுக்கு வந்தான். அஜந்தா முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். பாலாம்பிகை அடுப்படியில்.

"ஒரு கரைச்சல்" என்றான், கதிரையில் இருக்காமலே. "லீக்கின்ரை கணக்கிலை பதினேழாம் நம்பருக்கு ரெண்டு ஆக்கள் இருக்கினம். அஜந்தா எண்டொரு பிள்ளை மூண்டு மட்ச். அருளம்பலம் எண்டொரு பிள்ளை மூண்டு மட்ச். பைனல் ஆட நாலு வேணும். ரெண்டு பேருக்கும் காணாது."

அஜந்தா முதலில் சிரித்தாள். "பாவம், அப்பாவுக்கும் ஒரு மட்ச்தான் குறையுது."

"பகிடி இல்லைப் பிள்ளை. உன்னை இறக்கினால் கிண்ணத்தைப் பறிச்சுப் போடுவினம்."

அவள் ஐஸ் பையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஒரே ஆள்தான் எண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னனான். லீக் மனுசி சொல்லுறா, இதைக் கேட்டு யூலையிலையே கடுதாசி குடுத்ததாம், மைதானத்திலை, கையிலை. ஓகஸ்ட் பாதிக்குள்ளை பதில் குடுத்திருக்க வேணுமாம். குடுத்த அம்பயருக்கு ஆளை ஞாபகமில்லை. நான் விடேல்லை, மண்டாடினனான். கடைசியிலை ஒண்டு சொன்னா. வாங்கின ஆள் வந்து, வாங்கினனான், எனக்கு வாசிச்சு விளங்கேல்லை எண்டு சொன்னால் நாளைக்குக் கமிட்டி திருத்துமாம். அப்பிடி ஆக்களும் இந்த ஊரிலை இருக்கினம் எண்டு அவைக்குத் தெரியும். சும்மா கவனியாமல் விட்டதெண்டால் கிளப்பின்ரை பிழை, ஒண்டும் செய்ய ஏலாதாம்."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, உங்களிட்டையோ தந்தவை?"

நான் நின்ற இடத்திலிருந்து சுவாமித் தட்டு தெரிந்தது. படத்துக்குப் பின்னால் உறையின் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவுக் கொழுவியில் நீல ஜக்கெற். ஒரு வசனம் போதும். எனக்கு வாசிக்கத் தெரியாது. அவ்வளவுதான். மனைவிக்குத் தெரிந்தது, மகளுக்குத் தெரிந்தது. றெனோல்டுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும்தான் தெரியாது.

"இல்லை" என்றேன். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை."

"அப்பாட்டைத் தந்திருந்தால் அப்பவே சொல்லியிருப்பார்" என்றாள் அஜந்தா.

பாலாம்பிகை தேத்தண்ணி கொண்டுவந்தாள், றெனோல்ட் குடிக்காமல் போனான்.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு நேரம் இருந்தது. இதைத்தான் நான் இன்னும் நினைக்கிறேன். வியாழன் வாய் தடுமாறிவிட்டது என்று வைப்போம். வெள்ளி காலை பத்தரை மணித் தேநீர் நேரம் இருந்தது, பன்னிரண்டு மணிச் சாப்பாட்டு நேரம் இருந்தது. றெனோல்டின் இலக்கத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு தரமும் இருந்தேன். மணி அடித்தது, போர்வை இழுக்கப் போனேன்.

பைனல் பியர்பொன்ட்ஸ் மைதானத்தில். பட்டியலில் எல்லாப் பெயரையும் மட்டையைப் பார்த்தே எழுதினேன். பதினாலு பெயர், பதினேழாம் இலக்கம் இல்லை. அஜந்தா தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு கோட்டுக்கு வெளியே ஓடினாள். கடைசி இரண்டு நிமிடத்தில் எங்கள் பிள்ளைகள் நாலு புள்ளி பின்னுக்கு. அவளுடைய இடத்தில் ஆடிய கோபிகா பந்தைப் பிடித்தாள். கோபிகா அதுவரை மூன்று தரம் உதைத்து மூன்று தரமும் பக்கத்து இடைவெளியால் அனுப்பியிருந்தாள்.

"கம்பத்தைப் பாராதை, பின்னாலை நிக்கிற மரத்தைப் பார்" என்று அஜந்தா கோட்டில் நின்று கத்தினாள்.

பந்து நடுவால் போயிற்று. இரண்டு புள்ளியால் வென்றோம். அஜந்தாதான் முதலில் உள்ளே ஓடினாள், நொண்டி நொண்டி.

பதக்கத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள். என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த லீக் மனுசி வாசித்தாள். என் எழுத்தை ஒரு வெள்ளைக்காரி தடையில்லாமல் வாசிப்பதை அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டேன். பதினாலு பெயர். ஒவ்வொன்றுக்கும் அஜந்தா கைதட்டினாள். படம் எடுக்கும்போது றெனோல்ட் அவளையும் வா என்று கூப்பிட்டான். "எல்லாரும் நிண்டால் ஆர் எடுக்கிறது?" என்று சொல்லிப் போனை வாங்கினாள். அந்தப் படத்தில் நீல ஜக்கெற்றோடு நான் நிற்கிறேன். அவள் இல்லை.

திரும்பி வரும்போது குழாய்கள் வானுக்குள் கிடந்து அடிபட்டுக்கொண்டே வந்தன.

"நல்ல மட்ச் என்ன அப்பா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

நவம்பரில் முழங்காலைக் கீறினார்கள். அவள் கட்டிலில் கிடந்த நாட்களில் நான் அந்தக் கடிதத்தை வாசித்து முடித்தேன். மார்கழி ஆகிவிட்டது. கடைசி வரி, தயவுசெய்து பதில் தரவும் என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கொண்டுபோய் அவளுடைய போர்வையின்மேல் வைத்தேன்.

அவள் வாசித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எப்ப தந்தவை?"

"யூலையிலை."

"றெனோல்ட் அண்ணை வந்து கேட்ட அண்டைக்கு எங்கை இருந்தது?"

"பிள்ளையாருக்குப் பின்னாலை."

அவள் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்தாள்.

"ஒரு சொல்லுத்தானே அப்பா. வாசிக்கத் தெரியேல்லை எண்டு."

"ஓம்."

"சின்னனிலை உங்கடை கடுதாசி எல்லாம் நான்தானே வாசிச்சனான். எனக்கு முன்னாலை என்ன வெக்கம்?"

"உனக்கு முன்னாலை இல்லைப் பிள்ளை."

அவள் கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அந்தத் தலையணையைத் தாங்கோ" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

தை மாதம் நான் லீக்குக்குப் பதில் எழுதினேன். பிரெஞ்சில், என் கையால். பதினேழாம் இலக்கம் ஒரே ஆள், என் மகள். கடிதத்தை வாங்கியவன் நான். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. கேட்டபோது பொய் சொன்னேன். நாலு வசனம், ஆறு நாள். அஜந்தாவிடம் காட்டினேன்.

"கனக்கப் பிழை இருக்கு. திருத்தித் தரட்டோ?"

"விளங்குமோ?"

"விளங்கும்."

"அப்ப இருக்கட்டும்."

தபாலில் போட்ட பிறகு ஜக்கெற்றை மடித்து எடுத்துக்கொண்டு றெனோல்டிடம் போய், அவன் கையில் கொடுத்துவிட்டு அதே நாலு வசனத்தையும் தமிழில் சொன்னேன். அவன் ஜக்கெற்றைத் திருப்பித் தரவும் இல்லை, வைத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லவும் இல்லை. "குழாய் தூக்க வருவியளோ அண்ணை?" என்று மட்டும் கேட்டான். வருவேன் என்றேன்.

மாசியில் லீக்கிலிருந்து பதில் வந்தது. அஜந்தா போனில் அவர்களுடைய பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அருளம்பலம் என்ற ஆட்டக்காரி போய்விட்டாள். அஜந்தாவுக்கு நேரே ஆறு ஆட்டம், பதின்மூன்று கோல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கட்டம். நான் விரலால் கட்டம் கட்டமாகத் தள்ளிக்கொண்டு கடைசிவரை போனேன். பைனலின் கட்டத்தில் ஒன்றும் இல்லை, சின்னதாக ஒரு கோடு. அதை வாசிக்க எனக்கு ஒருவருடைய உதவியும் தேவைப்படவில்லை.