ஏழு நாள் பிந்திய முட்டைகள்

கூடையை விட்டுக் கறுப்பி எழுந்துவிட்டதைக் கண்டதும், அவள் தவிட்டு வாளியை அப்படியே கீழே வைத்தாள். இருபத்தொரு நாள் அடைகிடந்த கோழி, பொரித்த நான்கு குஞ்சுகளையும் அழைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு நடந்தது. கூடையில் ஆறு வாத்து முட்டைகள் அநாதையாகக் கிடந்தன.

வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாள் வேண்டும். அதை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் கோழி முட்டையைச் சேர்ப்பது வழக்கம். அவள் காய்ச்சலில் கிடந்த அன்று அடைவைத்தவர் கணவர்.

"என்னங்க, ரெண்டையும் ஒரே நாள்லயா வச்சீங்க?"

"ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணம் முடிஞ்சிடும்னு பார்த்தேன்."

"ஒரு மாப்பிள்ளை பொண்ணோட கிளம்பிட்டான். இன்னொருத்தன் இன்னும் குளிக்கவே இல்ல."

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை. முட்டை வைத்த இரண்டாம் நாளே தெருநாய்கள் குளத்தோரம் இருந்த வாத்துகளை ஒன்று விடாமல் முடித்துவிட்டன. மிச்சம் இந்த ஆறுதான். வாத்துகள் தின்றுவந்த வயல் நத்தைகளை இப்போது அவளே குனிந்து குனிந்து பொறுக்கினாள், இடுப்பு விட்டுப்போயிருந்தது. அடைக்கு உட்கார வேறு கோழியும் இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் வந்தாள்.

"குஞ்சைப் பிரிச்சிடுங்க அண்ணி. அது கத்துறது தாய்க்கோழி காதுல விழவே கூடாது. விழுந்தா உட்காராது."

"குஞ்சுங்களுக்கு யாரு அம்மா?"

"நீங்கதான். எங்க அண்ணனா உட்காரப் போறாரு?"

குஞ்சுகளை மடியில் கட்டிச் சமையலறைக்குக் கொண்டுபோய், அட்டைப்பெட்டியில் விட்டு, மேலே பல்பு ஒன்றைத் தொங்கவிட்டாள். கறுப்பியை முட்டைகளோடு கொட்டகையில் அடைத்து, சன்னலுக்குச் சாக்கு கட்டினாள். உள்ளே அது கதறிக்கொண்டு சுவரில் மோதியது. கதவுப் பலகையில் காதை வைத்து வெளியே உட்கார்ந்திருந்தாள். முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. வெகுநேரம் கழித்துச் சத்தம் அடங்கியது. இடுக்கு வழியே பார்த்தால், கறுப்பி கூடையில் இருந்தது.

பிறகு ஏழு நாள். பெட்டியில் காகிதம் மாற்றவேண்டும், நொய் தூவவேண்டும், குளிர்ந்தால் பல்பை இறக்கவேண்டும். கொட்டகைக்குப் போய், ஓடு காயாதபடி வாத்து முட்டைகள்மேல் நீர் தெளிக்கும்போதெல்லாம் கறுப்பி அவள் கையைக் கொத்தியது. கொத்தட்டும் என்று விட்டுவிட்டாள். பிள்ளையைப் பிரித்த கைதானே.

இருபத்தெட்டாம் நாள் ஐந்து முட்டைகள் பொரிந்தன, ஒன்று கூமுட்டை. தன் பிள்ளைகள் என்றே நம்பிக் கறுப்பி மஞ்சள் வாத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. அப்பாடா என்று அவள் கோழிக்குஞ்சுகளையும் கொண்டுவந்து அருகே விட்டாள். கறுப்பி இறகைச் சிலிர்த்து, முதல் குஞ்சின் தலையில் ஓங்கிக் கொத்தியது. நான்கும் ஓடிவந்து அவள் சேலைக்கரைக்குள் புகுந்தன.

கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாரு, பெத்தவளை விட வளர்த்தவதான் பெருசுங்குது."

அவள் குஞ்சுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பெட்டியை அவர் மடியில் வைத்தாள்.

"நான் படுக்கப் போறேன். கத்தினா நீங்க பாருங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?"

பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தாள். குஞ்சுகள் கத்தின. சற்று நேரத்தில், "கொக்... கொக்..." என்று கரகரத்த ஆண்குரல் ஒன்று கூச்சத்தோடு கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.