கர்த்தருக்குப் பெண்டாட்டி இல்லை

எருசலேமில் ராஜா ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: கர்த்தருக்குப் பெண்டாட்டி கிடையாது. நேற்றுவரை ஆலயத்துக்குள்ளேயே அவருக்குப் பக்கத்தில் அசேரா தேவியை நிறுத்தி, அவளுக்கு வஸ்திரம் நெய்து சாத்தியவர்கள் இவர்கள்தான். இன்று அவளை எரித்துச் சாம்பலாக்கிவிட்டு, அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்கிறார்கள். அவரையும் யாரும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. நல்ல பஞ்சாயத்து!

அந்த உத்தரவு மலையிறங்கி எங்கள் ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்சாளுக்கு நிறைமாதம். இதற்குமுன் பெற்ற எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. அதனால் கையளவு மண் அசேரா ஒன்றை வாங்கித் தலைமாட்டில் வைத்திருந்தாள். வலி வந்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள.

"இவ மட்டும் கையில இருந்தா போதும்க்கா, இந்தத் தடவை பொழைச்சுடும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அதிகாரி இகதலியா தாடியில் எண்ணெய் மினுங்க, கையில் சுத்தியலோடு, இரண்டு வேல்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். தெரு முழுக்க இருந்த சாமி பொம்மைகளை உடைத்துவிட்டு அக்சாள் வீட்டில் நுழைந்தான். நான் அங்கே அவளுக்காகப் பருப்புக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"வீட்ல பாகால் ஏதாவது இருக்கா?"

எங்கள் பேச்சில் மழைச்சாமியும் பாகால்தான், எஜமானும் பாகால்தான், கட்டிய புருஷனும் பாகால்தான். அக்சாள் வெள்ளந்தியாகச் சொன்னாள்: "இருக்காருங்க. உள்ள தூங்குறார்."

சுத்தியலை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். பாயிலிருந்து அலறிக்கொண்டு எழுந்தது அவள் புருஷன் பாகலியா.

"அடிங்க ஐயா" என்றேன். "அந்தப் பாகாலாலயும் ஒரு பிரயோசனமும் இல்ல."

வேல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். இகதலியாவுக்கு முகம் சுண்டிப்போனது. அந்தக் கோபத்தில் தலைமாட்டிலிருந்த அசேராவை எடுத்தான். அக்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் காலில் விழுந்தாள்.

"பிள்ளை பொறக்கிற வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் நானே உடைச்சிடறேன்."

"கர்த்தர் ஒருத்தர்தான். அவருக்குத் துணை கிடையாது."

"அதான் இவ்வளவு கோபமா வருதா அவருக்கு?" என்றேன். அவன் என்னைக் கண்டுகொள்ளாமல் புருஷன் பக்கம் திரும்பினான்.

"உன் பேரென்ன?"

"பாகலியா."

"பேர்லயே பாகாலா!"

"ஐயோ, இல்லீங்க. 'யா'ன்னா கர்த்தர்தானே? கர்த்தரே என் பாகால்னு எங்கப்பா வச்ச பேருங்க."

"அதெல்லாம் தெரியாது. பேர்ல பாகால் வந்தா எடுத்துட்டு போசேத்னு போடணும். உத்தரவு. இனிமே நீ போசேத்யா!"

தெருவுக்கே கேட்கும்படி முழங்கினான். போசேத் என்றால் வெட்கக்கேடு. எனக்கு ஒரு நிமிடம் காதையே நம்ப முடியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா."

"போசேத்யா!"

"அதாவது, கர்த்தர் ஒரு வெட்கக்கேடு. அப்படித்தானே?"

கர்த்தரின் நாமத்தைப் பழித்தவனைக் கல்லெறிந்து கொல்வது சட்டம். இரண்டு சாட்சி போதும்.

"பொம்பளை சாட்சி எடுபடாதுன்னா, உங்க ஆளுங்களே ரெண்டு பேர் இருக்காங்க" என்றேன்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றான் ஒரு வேல்காரன். அவனுக்கு என்ன பழைய பகையோ, மகராசன்.

இகதலியா அசேராவை அக்சாள் கையில் பூப்போல வைத்தான். வாசல் தாண்டிப் போனான்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் 'மளார்' என்றது. பாகலியா அந்தப் பொம்மையைப் பிடுங்கித் திரிகைக் கல்லில் அடித்திருந்தான்.

"அடப்பாவி! அவனே விட்டுட்டுப் போயிட்டானேடா!"

"நாளைக்குப் படையோட வருவான்க்கா. உருளப் போறது என் தலைதானே?"

ராஜாவைக்கூட மன்னித்துவிடுவேன், இவனை மாட்டேன். அக்சாள் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே வலி கண்டது.

பிடித்துக்கொள்ள அவளுக்கு என் கையைக் கொடுத்தேன். விரல்களை நொறுக்கிவிடுவாள்போல் இருந்தது. பாகலியா வாசலில் நின்றுகொண்டு ஊர் கேட்க ஜெபம் செய்தான். ஊர் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஜெபமே. கடைசியில் பெண் குழந்தை பிறந்து, வீறிட்டு அழுதது.

"பாத்தியா அக்சாள்!" என்று வெளியிலிருந்து கத்தினான். "கர்த்தர் ஒருத்தரே நின்னு எல்லாத்தையும் முடிச்சுட்டார்!"

அக்சாள் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை மரியாதை குறைத்துப் பேசாதவள், வாசல் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"எங்க நின்னார்? வெளிய உன்கூடவா?"